ஐபிஎம் தனியாள் கணினி

ஐபிஎம் தனியாள் கணினி என்பது அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் 1981 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 ஆம் நாள் அறிமுகப்படுத்திய நுண்கணினி ஆகும். இதன் மாதிரி எண் 5150. இது பரவலாக ஐபிஎம் பிசி என அழைக்கப்படுகிறது. இன்று விண்டோஸ் அல்லது லினக்ஸ் இயக்கு தளத்துடன் பயன்படும் பெரும்பாலான மேசைக் கணினிகளும் மடிக்கணினிகளும் இக்கணினியின் வழித்தோன்றல்களே.

இது உலகின் முதல் தனியாள் கணினி அன்று. தன் காலத்தின் மிக வேகமான கணினியும் அன்று. இதன் பெரும்பாலான உறுப்புகள் வெளிச் சந்தையில் வாங்கப்பட்டவை. இதன் இயக்கு தளம் மைக்ரோசாப்ட் நிறுவனத்திடம் இருந்து பெறப்பட்டது. இவ்விரு முடிவுகளும் கணினியை ஓராண்டுக்குள் சந்தைக்குக் கொண்டுவர உதவின. அதே முடிவுகள் பிற நிறுவனங்கள் இதை ஒத்த கணினிகளை உருவாக்கவும் வழிவகுத்தன. வன்பொருள், இயக்கு தளம், வணிகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதற்கு இக்கணினியின் வரலாறு தெளிவான எடுத்துக்காட்டாகும்.

விவரக் குறிப்பு

- உருவாக்கிய நிறுவனம்: ஐபிஎம்
- வெளியீடு: ஆகஸ்ட் 12, 1981
- உற்பத்தி நிறுத்தம்: ஏப்ரல் 1987
- தொடக்க விலை: 1,565 அமெரிக்க டாலர்
- நுண்செயலி: இன்டெல் 8088, 4.77 மெகாஹேர்ட்ஸ்
- நினைவகம்: 16 கிலோபைட்டு முதல்
- சேமிப்பு: 5.25 அங்குல நெகிழ்வட்டு (160 கிலோபைட்டு) அல்லது ஒலிநாடா
- இயக்கு தளம்: பிசி டாஸ் 1.0

பின்னணி

1977 ஆம் ஆண்டில் ஆப்பிள் II, டிஆர்எஸ்-80, கொமடோர் பெட் ஆகிய நுண்கணினிகள் விற்பனைக்கு வந்தன. தொடக்கத்தில் இவற்றை ஆர்வலர்களே அதிகம் வாங்கினர். 1979 இல் டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் ஆகியோர் ஆப்பிள் II கணினிக்காக விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருளை உருவாக்கிய பின்னர் நிலைமை மாறியது. வரவு செலவுத் திட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் மொத்தம் முழுவதும் தானாகவே மாறும் வசதி, கணக்காளர்களையும் மேலாளர்களையும் நுண்கணினியின் பக்கம் ஈர்த்தது.

ஐபிஎம் அக்காலத்தில் பெருங்கணினிச் சந்தையில் முதலிடத்தில் இருந்தது. அந்நிறுவனம் 1975 இல் வெளியிட்ட 5100 என்னும் சிறிய கணினியின் விலை 8,975 டாலரில் தொடங்கியதால், அது சிறு வணிகர்களின் கைக்கு எட்டவில்லை. ஐபிஎம் தன் கணினிகளின் முக்கிய உறுப்புகளைத் தானே வடிவமைத்துத் தயாரிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தது. அம்முறையில் ஒரு புதிய கணினியை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

1980 ஆம் ஆண்டில் வில்லியம் லோ என்பவர், வெளிச் சந்தையில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு ஓராண்டில் ஒரு தனியாள் கணினியை உருவாக்க முடியும் என்று நிறுவனத் தலைமைக்கு முன்மொழிந்தார். இதற்காகப் புளோரிடா மாநிலத்தின் போக்கா ரட்டோன் நகரில் ஒரு சிறு குழு அமைக்கப்பட்டது. பின்னர் டான் எஸ்ட்ரிட்ஜ் இக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். நிறுவனத்தின் வழக்கமான நடைமுறைகளில் இருந்து இக்குழுவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

வன்பொருள்

நுண்செயலி

கணினியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றும் உறுப்பு நுண்செயலி ஆகும். ஐபிஎம் பிசியில் இன்டெல் நிறுவனத்தின் 8088 நுண்செயலி பயன்படுத்தப்பட்டது. இது உள்ளே 16 பிட்டுகளைக் கொண்டு கணக்கிடும். ஆனால் வெளியே உள்ள உறுப்புகளுடன் ஒரு நேரத்தில் 8 பிட்டுகளையே பரிமாறிக்கொள்ளும். இதன் முன்னோடியான 8086 நுண்செயலி, தரவை 16 பிட்டுகளாகவே வெளியே அனுப்பும் திறன் கொண்டது. எனினும் 8088 ஐத் தேர்ந்தால், ஏற்கனவே சந்தையில் மலிவாகக் கிடைத்த 8 பிட்டுத் துணைச் சில்லுகளைப் பயன்படுத்த முடிந்தது. வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்து விலையைக் குறைத்த தேர்வு இது.

ஒரே நிறுவனத்தை மட்டும் நம்பியிருப்பதைத் தவிர்க்க, நுண்செயலிக்கு இரண்டாவது உற்பத்தியாளர் ஒருவர் தேவை என ஐபிஎம் வலியுறுத்தியது. இதன் விளைவாக 1982 இல் ஏஎம்டி நிறுவனம் இன்டெல்லின் நுண்செயலிகளைத் தயாரிக்கும் உரிமம் பெற்றது. இவ்விரு நிறுவனங்களுக்கும் இடையிலான போட்டி இன்றும் தொடர்கிறது.

நினைவகம்

நுண்செயலி உடனடியாகப் பயன்படுத்தும் நிரல்களும் தரவுகளும் தற்காலிக நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. மின்சாரம் நின்றால் இவை அழிந்துவிடும். ஐபிஎம் பிசியின் தாய்ப்பலகையில் குறைந்தது 16 கிலோபைட்டும் அதிகபட்சமாக 64 கிலோபைட்டும் நினைவகம் பொருத்தலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் தனி அட்டைகள் மூலம் சேர்க்க வேண்டும்.

8088 நுண்செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள் உள்ளன. ஆகவே இது 2 இன் 20 ஆம் அடுக்கு, அதாவது 1,048,576 பைட்டுகளை மட்டுமே அணுக முடியும். இந்த ஒரு மெகாபைட்டில் 640 கிலோபைட்டு நிரல்களுக்கு விடப்பட்டது. எஞ்சிய 384 கிலோபைட்டு, திரை நினைவகத்துக்கும் அழியா நினைவகத்துக்கும் ஒதுக்கப்பட்டது. 1981 இல் தாராளமாகத் தோன்றிய இந்த எல்லை, சில ஆண்டுகளிலேயே விரிதாள் பயனர்களுக்குப் பெரும் தடையாக மாறியது.

ஒவ்வொரு பைட்டுக்கும் எட்டுப் பிட்டுகளுடன் ஒன்பதாவதாக ஒரு சரிபார்ப்புப் பிட்டும் இந்நினைவகத்தில் இடம்பெற்றது. நினைவகத்தில் பிழை ஏற்பட்டால் கணினி தவறான விடையைத் தராமல் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். கணக்கு வழக்குகளைக் கையாளும் நிறுவனங்களுக்கு இது பயனுள்ள ஏற்பாடாகும்.

சேமிப்புச் சாதனங்கள்

தரவுகளை நிலையாகச் சேமிக்க 5.25 அங்குல நெகிழ்வட்டு பயன்படுத்தப்பட்டது. வட்டின் ஒரு பக்கம் 40 தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் 8 பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவும் 512 பைட்டுகள் கொண்டது. எனவே ஒரு வட்டின் கொள்ளளவு 40 × 8 × 512 = 1,63,840 பைட்டுகள், அதாவது 160 கிலோபைட்டு ஆகும். ஒரு வாடிக்கையாளரின் விவரத்துக்கு 128 பைட்டுகள் தேவை எனக் கொண்டால், ஒரு வட்டில் 1,280 பேருக்கும் குறைவானவர்களின் விவரங்களையே வைக்க முடியும். வட்டின் ஒரு பகுதியை இயக்கு தளத்தின் அட்டவணைகள் எடுத்துக்கொள்வதே இவ்வாறு குறைவதற்குக் காரணம்.

முதல் மாதிரியில் வன்தட்டு இல்லை. 1983 மார்ச்சில் வெளிவந்த பிசி எக்ஸ்டி மாதிரியிலேயே 10 மெகாபைட்டு வன்தட்டு இடம்பெற்றது.

விரிவாக்கப் பொருத்துவாய்கள்

தாய்ப்பலகையில் ஐந்து விரிவாக்கப் பொருத்துவாய்கள் இருந்தன. திரை, அச்சுப்பொறி, நெகிழ்வட்டு இயக்கி ஆகியவற்றுக்கான அட்டைகள் இவற்றில் செருகப்பட்டன. கடிதங்களும் கணக்குகளும் எழுதுவோர், ஒரு வரிக்கு 80 எழுத்துகள் வீதம் 25 வரிகளைப் பச்சை நிறத்தில் காட்டும் ஒற்றை நிறத் திரையை வாங்கினர். வரைபடங்கள் தேவைப்பட்டோர் வண்ணத் திரை அட்டையை வாங்கினர். ஒவ்வொருவரும் தமக்குத் தேவையானதை மட்டும் வாங்க இம்முறை உதவியது.

ஐபிஎம் இக்கணினியின் மின்சுற்று வரைபடங்களையும் பொருத்துவாய் விவரங்களையும் தொழில்நுட்பக் கையேடாக வெளியிட்டது. இதனால் பிற நிறுவனங்கள் நினைவக அட்டைகளையும் பல்வேறு துணைக் கருவிகளையும் தயாரித்து விற்கத் தொடங்கின. ஐபிஎம் தானே விற்ற அச்சுப்பொறி கூட எப்சன் நிறுவனத்தின் தயாரிப்பாகும். நெகிழ்வட்டு இயக்கிகள் டான்டன் நிறுவனத்திடம் இருந்து வாங்கப்பட்டன.

பயாஸ்

பயாஸ் எனப்படும் அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை, வன்பொருளுக்கும் இயக்கு தளத்துக்கும் இடையில் அமைந்த சிறு நிரல் தொகுதியாகும். விசைப்பலகையில் அழுத்திய விசையைப் படித்தல், திரையில் ஓர் எழுத்தைக் காட்டுதல், வட்டின் ஒரு பிரிவைப் படித்தல் போன்ற அடிப்படைப் பணிகளை இது செய்கிறது. ஐபிஎம் பிசியில் இது 8 கிலோபைட்டு அளவில் ரோம் எனப்படும் அழியா நினைவகத்தில் பதிக்கப்பட்டிருந்தது. இதை எழுதியோரில் முதன்மையானவர் டேவிட் பிராட்லி. கணினியை மீளத் தொடக்குவதற்கு மூன்று விசைகளை ஒருசேர அழுத்தும் முறையை உருவாக்கியவரும் இவரே.

இக்கணினியில் ஐபிஎம் மட்டுமே உரிமை கொண்டாடக்கூடிய முக்கியப் பகுதி பயாஸ் ஆகும். இதன் நிரல் வரிகளும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிடப்பட்டன. எனினும் பதிப்புரிமை காரணமாக எவரும் அதை அப்படியே படியெடுக்க முடியாது.

இயக்கு தளம்

இயக்கு தளத் தேர்வு

1980 இல் நுண்கணினிகளிடையே பரவலாக இருந்த இயக்கு தளம், கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் ஆகும். ஐபிஎம் பிரதிநிதிகள் கலிபோர்னியாவில் இருந்த அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்துக்குச் சென்றனர். ஆனால் உடன்பாடு ஏற்படவில்லை. இதற்கான காரணங்கள் குறித்து வெவ்வேறு கூற்றுகள் உள்ளன.

ஏற்கனவே இக்கணினிக்குப் பேசிக் மொழியை வழங்க உடன்பட்டிருந்த மைக்ரோசாப்ட், இயக்கு தளத்தையும் தருவதாகக் கூறியது. அப்போது அந்நிறுவனத்திடம் பொருத்தமான இயக்கு தளம் இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் என்பவர் 8086 நுண்செயலிக்காக எழுதிய 86-டாஸ் என்னும் இயக்கு தளத்துக்கு மைக்ரோசாப்ட் முதலில் உரிமம் பெற்றது. பின்னர் 1981 ஜூலையில் அதன் முழு உரிமையையும் 50,000 டாலருக்கு வாங்கியது. இதுவே பிசி டாஸ் என்ற பெயரில் ஐபிஎம் பிசியுடன் வெளிவந்தது.

ஐபிஎம்முடன் செய்த ஒப்பந்தத்தில், இதே இயக்கு தளத்தைப் பிற கணினி நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. அவ்வாறு விற்கப்பட்ட வடிவம் எம்எஸ்-டாஸ் எனப்பட்டது.

அறிமுகத்தின் போது ஐபிஎம் மூன்று இயக்கு தளங்களை அறிவித்தது. பிசி டாஸ் 40 டாலருக்கு விற்கப்பட்டது. 1982 இல் விற்பனைக்கு வந்த சிபி/எம்-86 இன் விலை 240 டாலர். யுசிஎஸ்டி பி-சிஸ்டம் என்பது மூன்றாவது. மலிவாகவும் முதலிலும் கிடைத்த பிசி டாஸையே பெரும்பாலோர் வாங்கினர். அதற்கே மென்பொருள்கள் அதிகம் எழுதப்பட்டன. மென்பொருள்கள் அதிகம் இருந்ததால் மேலும் பலர் அதையே வாங்கினர்.

இயக்கு தளத்தின் பணிகள்

பிசி டாஸின் முதன்மைப் பணி கோப்பு மேலாண்மை ஆகும். வட்டின் எந்தெந்தப் பிரிவுகளில் எந்தக் கோப்பு உள்ளது என்பதை அது ஓர் ஒதுக்கீட்டு அட்டவணையில் குறித்து வைக்கும். கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்துகளும், வகையைக் குறிக்க மேலும் மூன்று எழுத்துகளும் அனுமதிக்கப்பட்டன. 160 கிலோபைட்டு வட்டில் அதிகபட்சமாக 64 கோப்புகளையே வைக்க முடிந்தது. கோப்புகளைப் பிரித்து வைக்க உதவும் உள் அடைவுகள், 1983 இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே அறிமுகமாயின.

பயனர் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்தே கணினியை இயக்கினார். கட்டளையைப் படித்து, உரிய நிரலை வட்டில் தேடி, நினைவகத்தில் ஏற்றி, அதனிடம் கட்டுப்பாட்டை ஒப்படைப்பது இயக்கு தளத்தின் மற்றொரு பணியாகும்.

பிசி டாஸ் ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே இயக்கியது. விரிதாளில் வேலை செய்பவர் கடிதம் எழுத விரும்பினால், முதல் நிரலை மூடிவிட்டே சொற்செயலியைத் திறக்க வேண்டும். ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகப் பகுதியில் எழுதுவதைத் தடுக்கும் பாதுகாப்பும் இல்லை. எனவே பிழையுள்ள நிரல் இயக்கு தளத்தையே சிதைத்துவிடக் கூடும். அப்போது கணினியை மீளத் தொடக்குவதைத் தவிர வேறு வழியில்லை. சேமிக்காத வேலை அழிந்துவிடும்.

கணினி தொடங்கும் விதம்

மின்சாரம் தரப்பட்டவுடன் நடைபெறும் செயல்கள் பின்வருமாறு:

1. நுண்செயலி, பயாஸ் நிரலின் தொடக்க முகவரிக்குச் செல்கிறது.
2. பயாஸ் நினைவகத்தையும் துணைக் கருவிகளையும் சோதிக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் ஒருமுறை குறுகிய ஒலி எழுப்புகிறது.
3. நெகிழ்வட்டின் முதல் பிரிவில் உள்ள 512 பைட்டுகளை நினைவகத்தில் ஏற்றுகிறது.
4. அப்பிரிவில் உள்ள சிறு நிரல், இயக்கு தளத்தின் கோப்புகளை ஏற்றுகிறது.
5. கட்டளைகளைப் படிக்கும் நிரல் ஏற்றப்பட்டு, பயனரின் கட்டளைக்காகக் காத்திருக்கிறது.

வட்டு எதுவும் இல்லையெனில், அழியா நினைவகத்தில் பதிக்கப்பட்ட பேசிக் மொழி தொடங்கும். கணினியை மீண்டும் மீண்டும் மாற்றாமல் வட்டை மட்டும் மாற்றி வேறு இயக்கு தளத்தை இயக்க முடிவது இந்த அமைப்பினாலேயே.

விலையும் வணிகப் பயன்பாடும்

1,565 டாலர் என்னும் தொடக்க விலையில் 16 கிலோபைட்டு நினைவகம் கொண்ட கணினியும் விசைப்பலகையும் மட்டுமே அடங்கும். நெகிழ்வட்டு இயக்கியோ திரையகமோ அதில் சேராது. 64 கிலோபைட்டு நினைவகம், ஒரு நெகிழ்வட்டு இயக்கி, திரையகம் ஆகியவற்றுடன் விலை 3,005 டாலர் ஆனது. இரண்டு நெகிழ்வட்டு இயக்கிகள், வண்ண வரைபட வசதி, அச்சுப்பொறி ஆகியவற்றுடன் கூடிய வணிக அமைப்புக்கு ஏறத்தாழ 4,500 டாலர் தேவைப்பட்டது. அறிவிக்கப்பட்ட தொடக்க விலைக்கும் வேலைக்கு உதவும் முழுமையான அமைப்பின் விலைக்கும் உள்ள வேறுபாட்டை இது காட்டுகிறது.

ஐபிஎம் தன் சொந்த விற்பனையாளர்களை மட்டும் நம்பாமல், கம்ப்யூட்டர்லேண்ட், சியர்ஸ் ஆகிய நிறுவனங்களின் கடைகள் மூலமும் இக்கணினியை விற்றது.

1983 ஜனவரியில் மிட்ச் கேப்போரின் லோட்டஸ் நிறுவனம் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருளை வெளியிட்டது. விரிதாள், வரைபடம், எளிய தரவுத்தளம் ஆகிய மூன்றும் இதில் இணைந்திருந்தன. அவ்வாண்டில் அந்நிறுவனத்தின் வருவாய் 5.3 கோடி டாலரை எட்டியது. பல அலுவலகங்கள் இம்மென்பொருளுக்காகவே ஐபிஎம் பிசியை வாங்கின.

ஒத்தியல்புக் கணினிகள்

ஐபிஎம் பிசிக்கு எழுதப்பட்ட மென்பொருள்களை மாற்றமின்றி இயக்கும் பிற நிறுவனக் கணினிகள் ஒத்தியல்புக் கணினிகள் எனப்படும். உறுப்புகள் சந்தையில் கிடைத்தன. எம்எஸ்-டாஸ் மைக்ரோசாப்டிடம் கிடைத்தது. எஞ்சியது பயாஸ் மட்டுமே.

பதிப்புரிமையை மீறாமல் பயாஸை உருவாக்க இரு குழு முறை கையாளப்பட்டது. முதல் குழு ஐபிஎம் பயாஸை ஆராய்ந்து, அது என்னென்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதித் தரும். அந்நிரலைக் கண்டிராத இரண்டாவது குழு, அக்குறிப்புகளைக் கொண்டு புதிதாக நிரல் எழுதும். பதிப்புரிமை நிரலின் வரிகளைக் காக்குமே தவிர, அது செய்யும் பணியைக் காக்காது என்பதே இதன் அடிப்படை.

1982 ஜூன் மாதத்தில் கொலம்பியா டேட்டா புராடக்ட்ஸ் முதல் ஒத்தியல்புக் கணினியை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் காம்பாக் நிறுவனம் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கணினியை 2,995 டாலர் தொடக்க விலையில் அறிவித்தது. 1983 இல் காம்பாக்கின் விற்பனை 11.1 கோடி டாலரை எட்டியது. 1984 இல் பீனிக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனம் தான் எழுதிய பயாஸை எவருக்கும் உரிமம் தந்து விற்கத் தொடங்கியது. அதன் பின்னர் சிறு நிறுவனங்களும் இத்துறையில் நுழைந்தன.

எம்எஸ்-டாஸ் கொண்ட எல்லாக் கணினிகளும் ஒத்தியல்புக் கணினிகள் அல்ல என்பது குறிப்பிடத்தக்கது. 1983 இல் வெளிவந்த டான்டி 2000 கணினி ஐபிஎம் பிசியை விட வேகமானது. எம்எஸ்-டாஸ் இயக்கு தளத்தையும் கொண்டிருந்தது. ஆனால் அதன் வன்பொருள் அமைப்பு வேறுபட்டது. லோட்டஸ் 1-2-3 போன்ற மென்பொருள்கள் வேகத்துக்காக இயக்கு தளத்தைத் தாண்டி நேரடியாகத் திரை நினைவகத்தில் எழுதின. இத்தகைய மென்பொருள்கள் வேறுபட்ட வன்பொருளில் மாற்றமின்றி இயங்கா. எனவே லோட்டஸ் 1-2-3 உம், பிளைட் சிமுலேட்டர் என்னும் விளையாட்டும் ஒத்தியல்பைச் சோதிக்கும் அளவுகோல்களாகக் கொள்ளப்பட்டன.

பிந்தைய வளர்ச்சி

1984 இல் ஐபிஎம், 80286 நுண்செயலி கொண்ட பிசி ஏடி மாதிரியை வெளியிட்டது. 1986 இல் 80386 நுண்செயலி கொண்ட கணினியை ஐபிஎம்முக்கு முன்பே காம்பாக் வெளியிட்டது. தனியாள் கணினியின் அடுத்த கட்டத்தை ஐபிஎம் அல்லாத நிறுவனமும் தீர்மானிக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

இழந்த இடத்தை மீட்க, ஐபிஎம் 1987 ஏப்ரலில் பிஎஸ்/2 வரிசையை வெளியிட்டது. இதன் புதிய விரிவாக்கப் பொருத்துவாய்கள் காப்புரிமை பெற்றவை; பிற நிறுவனங்கள் அவற்றைப் பயன்படுத்த உரிமத்தொகை கோரப்பட்டது. பழைய விரிவாக்க அட்டைகள் இவற்றில் பொருந்தவில்லை. காம்பாக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 1988 இல் கூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் மாற்றுத் தரத்தை அறிவித்தன. பிஎஸ்/2 பொருத்துவாய்கள் பொதுத் தரமாக மாறவில்லை.

ஐபிஎம்மும் மைக்ரோசாப்டும் இணைந்து உருவாக்கிய ஓஎஸ்/2 இயக்கு தளம் 1987 இல் வெளிவந்தது. ஆனால் 1990 இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 பெருவெற்றி பெற்றதைத் தொடர்ந்து இரு நிறுவனங்களும் பிரிந்தன. 1995 இல் வந்த விண்டோஸ் 95 மைக்ரோசாப்டின் இடத்தை உறுதிப்படுத்தியது.

2004 டிசம்பரில் ஐபிஎம் தன் தனியாள் கணினிப் பிரிவைச் சீனாவின் லெனோவோ நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. இவ்விற்பனை 2005 மே மாதத்தில் நிறைவுற்றது.

வணிக முக்கியத்துவம்

ஐபிஎம் பிசியை நான்கு அடுக்குகளாகக் காணலாம்.

- வன்பொருள் உறுப்புகள்: பலரிடம் கிடைத்தன. போட்டியால் இவற்றின் விலையும் இலாபமும் குறைந்தன.
- நுண்செயலி: இன்டெல்லும் அதன் உரிமம் பெற்றவர்களும் மட்டுமே தயாரித்தனர். 80386 முதல் இன்டெல் பிறருக்கு உரிமம் தருவதைக் குறைத்துக்கொண்டது.
- பயாஸ்: ஐபிஎம்மின் தனி உடைமையாக இருந்தது. மாற்று எழுதப்பட்டவுடன் இதன் மதிப்பு குறைந்தது.
- இயக்கு தளம்: ஒரே நிறுவனத்தின் உடைமை. எந்த நிறுவனத்தின் கணினி விற்றாலும் இதற்கான தொகை மைக்ரோசாப்டுக்குச் சேர்ந்தது.

பயாஸையும் இயக்கு தளத்தையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். பயாஸ் 8 கிலோபைட்டு அளவிலான சிறு நிரல். திறமையான குழுவால் அதைச் சில மாதங்களில் மீண்டும் எழுத முடிந்தது. இயக்கு தளத்தைச் சார்ந்தோ ஆயிரக்கணக்கான மென்பொருள்களும், அவற்றில் பயிற்சி பெற்ற பணியாளர்களும், சேமித்து வைத்த கோப்புகளும் இருந்தன. அதை மாற்றுவது என்பது இவை அனைத்தையும் மாற்றுவதாகும்.

வாங்குவோருக்கு இத்திறந்த கட்டமைப்பு பெரும் நன்மை அளித்தது. ஒரு நிறுவனத்தின் கணினியை விட்டு இன்னொன்றின் கணினிக்கு மாறினாலும், பழைய மென்பொருள்களையும் தரவுகளையும் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது. இக்கட்டமைப்பின் தடயங்கள் நெடுங்காலம் நிலைத்துள்ளன. பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ என்னும் புதிய முறை வந்துவிட்ட போதிலும், இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் 64 பிட்டு நுண்செயலிகள் மின்சாரம் தரப்பட்டவுடன் முதலில் 8086 வழிவந்த 16 பிட்டு நிலையிலேயே விழித்தெழுந்து, பின்னரே தம் முழுத்திறனுக்கு மாறும் வகையில் அமைக்கப்பட்டு வந்துள்ளன.

இவற்றையும் பார்க்க

- இயக்கு தளம்
- நுண்செயலி
- தாய்ப்பலகை
- எம்எஸ்-டாஸ்
- விரிதாள்
- கணினி வன்பொருள்